ஜப்பானிய மாதிரி ரயில் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி: டோக்கியோ கடைகளும் இணையக் கடைகளும்

ஜப்பானிய மாதிரி ரயில் வாங்க விரும்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே ஒரு மாடல் எப்போதும் கடையில் கிடைத்துக்கொண்டே இருப்பதில்லை என்பதுதான். காட்டோ, டோமிக்ஸ், மைக்ரோ ஏஸ், கிரீன்மாக்ஸ் முதலிய உற்பத்தியாளர்கள் ஒரு ரயிலைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒரே தவணையாகத் தயாரித்து விற்பனைக்கு அனுப்புகிறார்கள்; அது தீர்ந்த பிறகு மறுதவணை வரச் சில ஆண்டுகள் ஆகலாம், சில மாடல்களுக்கு வராமலே போகவும் கூடும். ஆகவே எது நல்ல கடை என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. இன்னும் வெளிவராத ரயிலுக்கு முன்பதிவு வாங்கும் இணையக் கடை, இப்போது வந்திருக்கும் ரயிலுக்கு நேரில் போய்ப் பார்க்கக்கூடிய கடை, தீர்ந்துபோன ரயிலுக்குப் பழைய பொருள் கடை, பழுதான ரயிலுக்கு உதிரிபாகக் கடை என்று, நாம் தேடும் மாடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்பக் கடையும் மாறுகிறது.

டோக்கியோவில் வேலை நிமித்தம் தங்கியிருப்பவர்கள், சுற்றுலாவாக ஒரு வாரம் போகிறவர்கள், ஊரிலிருந்தபடியே இணையத்தில் வாங்குகிறவர்கள் ஆகிய மூவருக்கும் கீழ்க்கண்ட படிகள் பொருந்தும். ஒவ்வொருவரும் எந்தப் படியில் அதிக நேரம் நிற்பார்கள் என்பது மட்டுமே வேறுபடும்.

முதல் படி: அளவைத் தீர்மானித்தல்

கடைக்குப் போவதற்கு முன்பே எந்த அளவு என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஜப்பானில் மிகப் பெரும்பாலான ரசிகர்கள் வைத்திருப்பது 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் என் கேஜ் அளவு. இதில் தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சாதாரண ரயில்கள் 1/150 விகிதத்திலும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில்கள் 1/160 விகிதத்திலும் செய்யப்படுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஷின்கான்சென் ஓடும் பாதை 1435 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அதை 160 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வந்துவிடுகிறது. ஜப்பானின் பழைய பாதைகளோ 1067 மில்லிமீட்டர். அதை 150 ஆல் வகுத்தால் 7.1 தான் வரும். ஆகவே சாதாரண ஜப்பானிய மாடல்கள் தங்கள் பெட்டியின் அளவுக்குச் சற்று அகலமான தண்டவாளத்தில் நிற்கின்றன. நேருக்கு நேர் முகப்பைப் பார்த்தால் இது கண்ணில் படும். பக்கவாட்டில் ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை.

அடுத்த பெரிய அளவு, ஜப்பானியர் "பதினாறாம் எண்" என்று அழைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதையும் 1/80 விகிதமும் கொண்டது. மேலை நாடுகளின் ஹெச்ஓ மாடல்கள் 1/87 விகிதத்தில் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடுகின்றன என்பதால், தண்டவாளத்தைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் உயர வேறுபாடு தெரியும். 1067 மில்லிமீட்டர் பாதையைப் பிழையின்றிக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு 1/87 விகிதமும் 12 மில்லிமீட்டர் பாதையும் கொண்ட தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் விலையும் அந்தப் பிடிவாதத்துக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். மிகச் சிறிய இடம் மட்டுமே உள்ளவர்களுக்கு 6.5 மில்லிமீட்டர் பாதையில் 1/220 விகிதமுள்ள இஸட் கேஜ் உண்டு. அதில் ரோகுஹான் என்ற நிறுவனம் ஜப்பானிய ரயில்களைத் தருகிறது.

முதல்முறை வாங்குபவருக்கு என் கேஜ் என்பதே என் தெளிவான பரிந்துரை. காட்டோ என்ற பெயரில் இன்று அறியப்படும் செகிசுயி கின்ஸோகு நிறுவனம் 1965இல் சி50 நீராவி எஞ்சினை வெளியிட்டு ஜப்பானில் என் கேஜைத் தொடங்கிவைத்தது. டோமி நிறுவனம் 1976இல் டோமிக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அன்று முதல் சேர்ந்துவந்த மாடல்களின் எண்ணிக்கையும், அதனால் பெருகிய பழைய பொருள் சந்தையும் வேறு எந்த அளவுக்கும் இல்லை.

வீட்டில் உள்ள இடத்தையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில்பெட்டி 1/150 விகிதத்தில் 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பத்துப் பெட்டி கொண்ட ரயில் ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆகிறது. பத்துப் பெட்டி ஈ5 ஷின்கான்சென் 1.5 மீட்டரைத் தாண்டிவிடும். 315 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 2 மீட்டருக்கும் குறைவு. நேர்த் தண்டவாளம் சேர்க்காமல் அதில் அந்த ரயிலை ஓடவிட்டால் எஞ்சின் தன் வாலையே துரத்துவதுபோல இருக்கும்.

இரண்டாம் படி: தண்டவாளக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரயிலை எந்த நிறுவனத்திடமிருந்தும் வாங்கலாம். காட்டோ ரயில் டோமிக்ஸ் தண்டவாளத்தில் தடையின்றி ஓடும்; மறுபக்கமும் அப்படியே. ஆனால் தண்டவாளத்தில் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். காட்டோவின் யூனிட்ராக்கும் டோமிக்ஸின் ஃபைன் ட்ராக்கும் வெவ்வேறு இணைப்புகளைக் கொண்டவை. யூனிட்ராக்கின் அடிப்படை நேர்த்துண்டு 248 மில்லிமீட்டர், ஃபைன் ட்ராக்கினுடையது 280 மில்லிமீட்டர். இரட்டைப் பாதையின் நடு இடைவெளி முன்னதில் 33 மில்லிமீட்டர், பின்னதில் 37. இரண்டையும் இணைக்கும் தனித் துண்டுகள் விற்கப்படுகின்றன என்றாலும், கலந்து வாங்கியவர்களின் பாதை எங்கோ ஓரிடத்தில் சில மில்லிமீட்டர் இடித்துக்கொண்டு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

தரையில் விரித்து ஓட்டி, மாலையில் சுருட்டி எடுத்துவைக்கும் வீட்டுக்கு யூனிட்ராக் பொருத்தமானது. அதன் இணைப்பு அடிக்கடி கழற்றிப் பூட்டுவதைத் தாங்குகிறது. குறுகிய இடத்தில் சிற்றூர் டிராம் போன்ற சிறிய வண்டிகளை வளைத்து வளைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு ஃபைன் ட்ராக்கில் மிகச் சிறிய ஆரமுள்ள வளைவுகள் கிடைக்கின்றன. முழு நீளப் பெட்டிகள் கொண்ட ரயிலை வாங்கும்போது பெட்டி அட்டையில் குறைந்தபட்ச வளைவு ஆரம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 280 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. பழைய அர்னால்டு வகைக் கொக்கி எந்த நிறுவனத்தின் அர்னால்டு வகைக் கொக்கியோடும் சேரும். டோமிக்ஸின் டிஎன் கொக்கி பெட்டிகளை அழகாக நெருக்கி நிறுத்தும், ஆனால் தன் இனத்தோடு மட்டுமே சேரும். ஒரு நிறுவனத்தின் எஞ்சினையும் இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளையும் சேர்த்து ஓட்ட எண்ணினால், கடையிலேயே இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

மூன்றாம் படி: அகிஹபாராவில் ஒரு நாள்

டோக்கியோவில் மாதிரி ரயில் கடைகள் நெருக்கமாக அமைந்த இடம் அகிஹபாரா. இந்தியர் பலர் வசிக்கும் நிஷிகாசாயிலிருந்து தோஸாய் சுரங்கப் பாதையில் ஏறி, கயாபாச்சோவில் இறங்கி, ஹிபியா பாதைக்கு மாறினால் அகிஹபாராவுக்கு நேராகப் போய்விடலாம். பெரும்பாலான கடைகள் காலை பத்து, பதினொரு மணிக்கு முன் திறப்பதில்லை. சனி, ஞாயிறு நெரிசலைத் தவிர்த்து வேலைநாள் முற்பகலில் போனால் விற்பனையாளர் நின்று பேசுவார்.

முதலில் யோடோபாஷி அகிபாவின் ஆறாவது மாடிக்குப் போங்கள். அது மாதிரி ரயிலுக்கென்றே அமைந்த கடை அல்ல; பெரிய மின்சாதன அங்காடியின் பொம்மைத் தளம்தான். ஆனாலும் அப்போது சந்தையில் உள்ள புதிய சரக்கு எது, அதன் நடப்பு விலை என்ன என்பதை அரைமணி நேரத்தில் அங்கே பார்த்துவிடலாம். ஜப்பானில் உற்பத்தியாளர் அறிவிக்கும் விலை ஒன்று, கடை விற்கும் விலை வேறொன்று; கடைக்காரர்கள் பெரும்பாலும் அறிவிப்பு விலையிலிருந்து கணிசமாகக் குறைத்தே விற்கிறார்கள். யோடோபாஷியில் புள்ளிகள் என்ற பெயரில் அடுத்த கொள்முதலுக்குக் கழிவும் தருவார்கள். அங்கே பார்த்த விலையைக் குறித்துக்கொண்டு மற்றக் கடைகளுக்குப் போனால் பேரம் எதுவும் பேசாமலே ஒப்பிட முடியும். ஜப்பானில் இவ்வகைக் கடைகளில் பேரம் பேசும் வழக்கம் கிடையாது.

அடுத்து டாம் டாம். மாதிரி விமானம், தொலைக்கட்டுப்பாட்டு வண்டி, பிளாஸ்டிக் மாடல், ரயில் ஆகிய எல்லாப் பொழுதுபோக்குகளுக்குமான பெரிய கடை இது. ரயிலைவிட, ரயிலைச் சுற்றி வைக்க வேண்டிய பொருள்களுக்கு இங்கே வருவது பயனுள்ளது: வண்ணங்கள், பசைகள், மரங்கள், புல்தூள், கட்டடங்கள், மெல்லிய கம்பிகள் என்று ஒரே இடத்தில் கிடைக்கும்.

போப்போன்டெட்டா என்ற சங்கிலிக் கடைக்கும் அகிஹபாராவில் கிளை உண்டு. ஜப்பான் முழுதும் வணிக வளாகங்களில் காணப்படும் இந்தக் கடைகளில் புதிய ரயில், பழைய ரயில் இரண்டையும் வைத்திருப்பார்கள். நிறுவனம் தன் பெயரிலும் மாடல்களை வெளியிடுகிறது. பல கிளைகளில் வாடகைத் தளம் இருக்கிறது. அதாவது, கடையே கட்டிவைத்த பெரிய பாதையில் நேரக் கணக்கில் பணம் கட்டி நம் ரயிலை ஓட்டலாம். ரயில் இல்லாதவருக்கு அதையும் வாடகைக்குத் தருவார்கள். இன்னும் எதுவும் வாங்காதவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு இதுவே என்பேன். பத்துப் பெட்டி ரயில் நீண்ட நேர்ப்பாதையில் எப்படிப் போகிறது, மெதுவாக ஓட்டும்போது மோட்டார் எப்படி நடந்துகொள்கிறது, நமக்கு உண்மையில் பிடிப்பது வேகமா, நிலையத்தில் நிறுத்தி எடுப்பதா என்பதெல்லாம் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியவராது.

கையில் பணமும் பித்தளை மாடல்களில் ஆசையும் உள்ளவர் கின்ஸாவைச் சேர்ந்த டென்ஷோடோவைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. 1879இல் தொடங்கிய இந்த நிறுவனம் கைக்கடிகாரமும் நகையும் விற்கும் அதே பெயரில் மாதிரி ரயிலும் விற்கிறது. 12 மில்லிமீட்டர் பாதை ரசிகர்களுக்கு இமோன் கடைகள் இருக்கின்றன. வாங்காவிட்டாலும், கையால் பற்றவைத்துச் செய்த ஒரு நீராவி எஞ்சினை அருகில் பார்த்த பிறகு மற்ற மாடல்களைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

வெளிநாட்டுப் பயணியாக வந்திருப்பவர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால், வரி நீங்கலாக 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கும்போது, அனுமதி பெற்ற கடைகளில் 10 சதவீத நுகர்வு வரியிலிருந்து விலக்குப் பெறலாம். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு பணம் கட்டி, நாட்டைவிட்டுப் புறப்படும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டிய பிறகு வரித்தொகையைத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே வாங்கிய ரயிலை விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் முன்கூட்டியே புதைத்துவிட வேண்டாம். ஜப்பானில் வசிப்பவர்களுக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

நான்காம் படி: ஓச்சியாயில் உள்ள காட்டோவின் சொந்தக் கடை

அகிஹபாராவிலிருந்து மஞ்சள் பட்டை போட்ட சோபு பாதை ரயிலில் ஏறி ஹிகாஷி நகானோவில் இறங்கி, ஓயெதோ சுரங்கப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் ஓச்சியாய் மினாமி நாகசாகி. தோஸாய் பாதையில் வெறும் ஓச்சியாய் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. அதில் இறங்குபவர் நெடுந்தூரம் நடக்க நேரிடும். ஹாபி சென்டர் காட்டோவின் முன்பு கெய்க்யூ நிறுவனத்தின் பழைய சிவப்பு ரயில்பெட்டி ஒன்று, மாடல் அல்ல, உண்மையான பெட்டி, நிறுத்தப்பட்டிருப்பதால் கடையைத் தவறவிட முடியாது.

இது தள்ளுபடியை எதிர்பார்த்துப் போகும் இடம் அல்ல. இங்கே போவதற்கு முதன்மையான காரணம் உதிரிபாகங்கள். காட்டோ ஒரு ரயிலைத் தயாரிக்கும்போதே அதன் மேற்கூடு, சக்கரச் சட்டகம், கண்ணாடி, கூரையிலிருந்து மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப், விளக்குப் பலகை, கொக்கி ஆகியவற்றைத் தனித்தனிப் பொட்டலங்களாகவும் விற்பனைக்கு விடுகிறது. அசி பாகங்கள் என்று ரசிகர்கள் சொல்வது இவற்றைத்தான். புதிய ரயில் வெளியாகும் நாள்களில் இந்தப் பொட்டலங்களையே அள்ளிக்கொண்டு போய், தனித் துண்டுகளைக் கோத்து ஒரு முழுப் பெட்டியை உருவாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தொகுப்பில் இல்லாத ஒரு கூடுதல் பெட்டி வேண்டுமென்றால் அதுவே வழி. இந்தப் பாகங்களும் தவணை முறையில்தான் வருகின்றன. தீர்ந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டும்.

டோக்கியோவுக்கு வெளியே இருப்பவர்கள் ஒசாகாவின் நிப்பொன்பாஷி பகுதியில் தேடலாம். ஆகஸ்டு மாதத்தில் டோக்கியோவில் இருப்பவர்கள், பிக் சைட் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் ஜாம் என்ற மாதிரி ரயில் மாநாட்டைத் தங்கள் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உற்பத்தியாளர்கள், சிறு கைவினைஞர்கள், ரசிகர் குழுக்கள் எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள்.

ஐந்தாம் படி: பழைய பொருள் கடையில் தேர்ந்தெடுத்தல்

தீர்ந்துபோன மாடலைத் தேடுபவருக்கு முதல் இடம் ஹாபிலேண்ட் போச்சி. மாதிரி ரயிலையே முதன்மையாக வைத்து, பழையதை வாங்கி விற்கும் இந்தக் கடை அகிஹபாராவிலும் இருக்கிறது, இணையத்திலும் இருக்கிறது. சுருகாயா, மண்டராகே ஆகியவை எல்லாவகைப் பழைய பொருள்களும் விற்பவை. ஜப்பானிய ரசிகர்கள் பொதுவாகப் பொருளைக் கவனமாக வைத்திருப்பதால் பழையதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைகள் பொருளின் நிலையை ஏ, பி, சி என்று எழுத்தால் தரம்பிரிக்கின்றன. ரயிலுக்கு ஒரு தரமும் அது வரும் அட்டைப் பெட்டிக்கு இன்னொரு தரமும் தனியாக இருக்கலாம். அட்டைப் பெட்டி கசங்கி ரயில் நன்றாக இருப்பதுதான் ஓட்ட விரும்புபவருக்கு லாபமான சேர்க்கை. கடைக்குக் கடை எழுத்தின் பொருள் மாறும் என்பதால் அந்தந்தக் கடையின் விளக்கப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஜங்கு என்று எழுதப்பட்டவை சோதிக்கப்படாதவை அல்லது பழுதானவை. திருப்பித் தர முடியாது. பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அவற்றைப் போன்ற மலிவான பாடப்பொருள் வேறில்லை. மற்றவர்கள் அந்தக் கூடையைக் கடந்து போய்விடுவது நலம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாகச் சொல்கிறேன். தொகுப்பில் மோட்டார் உள்ள பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு ரயிலில் வழக்கமாக ஒரு பெட்டியில்தான் மோட்டார் இருக்கும், அது இல்லாவிட்டால் மற்றவை அலங்காரப் பொருள்களே. சில கடைகள் தொகுப்பைப் பிரித்து ஒவ்வொரு பெட்டியாக விற்பதுண்டு என்பதால் இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. அடுத்து, உந்து சக்கரத்தில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா, சக்கரங்கள் கறுத்திருக்கின்றனவா, பாண்டோகிராஃப் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையமும் சக்கரக் கறையும் எளிதில் சரியாகும். பாண்டோகிராஃபுக்கு மாற்றுப் பாகம் கிடைத்தால்தான் தீர்வு.

ஜப்பானிய மாடல்களில் பெட்டி எண்கள், ஆன்டெனா, ஊதல் போன்ற நுண்ணிய பாகங்களை வாங்குபவரே பொருத்த வேண்டும் என்று தனி உறையில் தருவார்கள். முன்னைய உரிமையாளர் அவற்றைப் பொருத்தியிருந்தால் எப்படிப் பொருத்தினார் என்று பாருங்கள். பொருத்தாமல் உறை அப்படியே இருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பல ஆண்டுகள் ஆன தொகுப்புகளில் உள்ளிருக்கும் நுரை மெத்தை பிசுபிசுத்துப் போய்ப் பெட்டியின் வண்ணத்தில் ஒட்டியிருக்கலாம். சில பழைய மாடல்களில் உள்ளே இருக்கும் வார்ப்பு உலோகச் சட்டகம் காலப்போக்கில் உப்பி, மேற்கூட்டையே பிளந்துவிடுகிறது. கூட்டின் நடுப்பகுதி சற்றே வெளியே தள்ளியிருந்தால் அந்த ரயிலைத் தொட வேண்டாம். நேரில் வாங்கும்போது பல கடைகளில் சோதனைப் பாதை இருக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. முன்விளக்கும் பின்விளக்கும் திசைக்கேற்ப மாறி எரிகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

டோமிடெக் நிறுவனத்தின் 'ரயில் தொகுப்பு' என்ற பெயருள்ள வரிசை 2005இல் தொடங்கியது. சிறு தனியார் ரயில் நிறுவனங்களின் பெட்டிகளைக் குறைந்த விலையில் தருவதால் பழைய பொருள் கடைகளில் அவை நிறையக் கிடைக்கும். அவை பார்வைக்கு மட்டுமே உரியவை, மோட்டார் இல்லாதவை. ஓட்ட வேண்டுமென்றால் அதற்குரிய மோட்டார் அலகையும் உலோகச் சக்கரங்களையும் தனியே வாங்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் விலை முதலில் தோன்றிய அளவுக்கு மலிவாக இருக்காது.

ஆறாம் படி: இணையத்தில் முன்பதிவு

உற்பத்தியாளர்கள் புதிய ரயிலைப் பல மாதங்கள் முன்னதாகவே அறிவிக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் கடைகள் முன்பதிவைத் திறக்கின்றன. தேவை மிகுந்த ரயில் என்றால் வெளியாகும் முன்பே முன்பதிவு மூடப்பட்டுவிடும். வெளியாகும் நாளில் கடைக்குப் போனால் பேழையில் ஒன்றும் இருக்காது. ஆகவே விரும்பும் ரயில் எது என்று தெரிந்தவருக்கு முன்பதிவே முறையான வழி. அதற்குத் தரப்படும் தள்ளுபடியும் பெரும்பாலும் நல்ல விலையாகவே இருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் கடைகளில் ஹாபி சர்ச் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தெளிவான படங்கள் இருக்கின்றன. வாங்கும் எண்ணமே இல்லாமல் தகவலுக்காக மட்டும் அதைப் பார்ப்பவர்களும் உண்டு. அமிஅமி முதன்மையாகப் பதுமைகளுக்குப் பெயர்பெற்றது என்றாலும் ரயில்களும் விற்கிறது. பிளாஸா ஜப்பான், மாடல்ட்ரெய்ன்பிளஸ் ஆகியவையும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நோக்கியவை. ஜப்பானுக்குள் முகவரி உள்ளவர்களுக்கு யோடோபாஷி, ஜோஷின் ஆகியவற்றின் இணையக் கடைகளும் இருக்கின்றன.

முன்பதிவு செய்யும்போது தொகுப்பின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நீண்ட ரயிலைப் பெரும்பாலும் ஒரே அட்டைப் பெட்டியில் விற்பதில்லை. மோட்டாரும் இரு முனைப் பெட்டிகளும் கொண்ட அடிப்படைத் தொகுப்பு ஒன்று, நடுப்பெட்டிகள் கொண்ட கூடுதல் தொகுப்பு ஒன்றோ இரண்டோ என்று பிரித்திருப்பார்கள். காட்டோவின் ஈ5 ஷின்கான்சென் மூன்று பெட்டி அடிப்படைத் தொகுப்பு, மூன்று பெட்டிக் கூடுதல் தொகுப்பு, நான்கு பெட்டிக் கூடுதல் தொகுப்பு என்று வந்து, மூன்றும் சேர்ந்தால் பத்துப் பெட்டி முழு ரயிலாகும். அடிப்படைத் தொகுப்பை இப்போது வாங்கிக் கூடுதலை அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பது ஆபத்தானது. கூடுதல் தொகுப்பு தனியே தீர்ந்துபோகும். அதன் பிறகு பழைய பொருள் சந்தையில் அதற்கு அறிவிப்பு விலையைவிட அதிகம் கேட்பார்கள். முழு ரயிலுக்கும் பணம் இல்லையென்றால், குறைந்த பெட்டிகளோடு உண்மையிலேயே ஓடும் வேறொரு ரயிலைத் தேர்ந்தெடுப்பது மேல். இரண்டு பெட்டி, மூன்று பெட்டி டீசல் ரயில்கள் ஜப்பானின் கிராமப் பாதைகளில் ஏராளம், அவற்றின் மாடல்களும் ஏராளம்.

தேடும்போது பெயரைவிடப் பொருள் எண்ணைப் பயன்படுத்துங்கள். காட்டோவின் ரயில் தொகுப்புகள் பெரும்பாலும் 10 என்று தொடங்கும் எண்ணும், யூனிட்ராக் துண்டுகள் 20 என்று தொடங்கும் எண்ணும் கொண்டவை. 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டு நான்கு அடங்கிய பொட்டலத்தின் எண் 20-000. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும் என்பதோடு, ஒரே ரயிலின் பழைய தயாரிப்பையும் திருத்திய புதிய தயாரிப்பையும் பிரித்தறிய எண்ணே துணை.

மெர்காரி, யாஹூ ஏலம் ஆகிய தளங்களில் தனியார் விற்கும் பொருள்களை வெளிநாட்டிலிருந்து வாங்கப் பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு நிறுவனங்கள் உதவுகின்றன. அவர்கள் நம் பெயரில் வாங்கி, தங்கள் கிடங்கில் சேர்த்துவைத்து, ஒரே பொதியாக அனுப்புவார்கள். சேவைக் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், பொதி கட்டும் கட்டணம், வெளிநாட்டு அஞ்சல் என்று நான்கு இடங்களில் பணம் போகும் என்பதால், மலிவாகத் தெரியும் ஒற்றைப் பெட்டியை இப்படி வாங்குவதில் பொருளில்லை. வேறெங்கும் கிடைக்காத தொகுப்புக்கு மட்டுமே இந்த வழி.

ஏழாம் படி: எல்லை தாண்டும் செலவும் மின்சாரமும்

ரயில் தொகுப்புகள் எடை குறைந்தவை, தண்டவாளங்கள் எடை மிகுந்தவை. ஆகவே ரயிலை ஜப்பானிலிருந்தும் தண்டவாளத்தை வசிக்கும் நாட்டிலேயும் வாங்க முடியுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் காட்டோவுக்குத் தனி நிறுவனமே இருப்பதால் அங்கே யூனிட்ராக் எளிதில் கிடைக்கிறது. ஐரோப்பாவிலும் அது விற்கப்படுகிறது. வண்ணத் தெளிப்பான், கரைப்பான், துப்புரவுத் திரவம் போன்ற எரியக்கூடிய பொருள்களை வான் அஞ்சலில் அனுப்ப மாட்டார்கள். அவற்றை வாங்கும் பட்டியலில் சேர்த்தால் முழுக் கொள்முதலும் தாமதமாகும்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர் சுங்க வரியைக் கணக்கில் கொள்ளாமல் பணம் கட்டக்கூடாது. ஓடும் மாதிரி ரயில்களும் பொம்மைகளும் 9503 என்ற ஒரே சுங்கத் தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு உரிய அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. சிங்கப்பூரில் 2024 முதல் சரக்கு சேவை வரி 9 சதவீதம். அமெரிக்காவில் 800 டாலருக்குக் குறைவான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்டு 29உடன் முடிவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் உள்ளவருக்கு, ஜப்பான் போய்வரும் உறவினரோ நண்பரோ தம் பயணச் சுமை வரம்புக்குள் எடுத்துவருவதே பெரும்பாலும் மலிவு. அட்டைப் பெட்டியைக் கைப்பையில் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 230 வோல்ட். ஜப்பானியக் கட்டுப்பாட்டுக் கருவியை வெறும் செருகி மாற்றியோடு நம் சுவரில் செருகினால் அது கருகிவிடும். அதன் அடாப்டரில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 100 மட்டும் இருந்தால் வாங்கவே வேண்டாம். ஜப்பானிய என் கேஜ் ரயில்கள் பெரும்பாலும் 12 வோல்ட் வரையிலான சாதாரண நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை என்பதால், வசிக்கும் நாட்டில் கிடைக்கும் எந்த என் கேஜ் நேர்மின்னோட்டக் கட்டுப்பாட்டுக் கருவியும் போதும். ரயில், தண்டவாளம், கருவி மூன்றும் அடங்கிய தொடக்கத் தொகுப்பை ஜப்பானில் வாங்க ஆசைப்படுபவர் இதற்காகவே ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எட்டாம் படி: பொதி வந்த பிறகு

பொதியைப் பிரித்ததும் ரயில்பெட்டிகளின் எண்ணிக்கை, தனி உறையில் உள்ள சிறு பாகங்கள், விளக்கத்தாள் ஆகியவற்றைச் சரிபார்த்துப் படம் எடுத்துவையுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியும் தண்டவாளத்தில் தடையின்றி உருள்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள்; மோட்டார் பெட்டியை மட்டும் தனியே, மெதுவான வேகத்தில், இரு திசைகளிலும் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். குறை இருந்தால் கடைக்கு எழுதக் கால வரம்பு உண்டு. அது பெரும்பாலும் நாள்கணக்கில்தான் இருக்கும்.

ரயில் நன்றாக ஓடுகிறது என்று உறுதியானவுடனேயே அதற்குரிய ரப்பர் வளையம், ஒரு ஜோடிக் கொக்கி, ஒரு பாண்டோகிராஃப் ஆகியவற்றை விளக்கத்தாளில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்கி, ரயிலின் அட்டைப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் ரயிலின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். சில ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும்போது அந்தத் தவணையின் பாகங்கள் எந்தக் கடையிலும் இல்லாமல் போயிருக்கலாம்.